சீவிய உருளைக்கிழங்கில் என்ன கோளாறு? அறிகுறியை வைத்துக் காரணம் பிடிக்கும் வழி

முந்தின இரவே உருளைக்கிழங்கைச் சீவி நறுக்கி ஃப்ரிட்ஜில் வைப்பது இப்போது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. மெஸ், கேட்டரிங், கல்யாண மண்டபம் என்று போனால் சீவிய கிழங்காகவே பை பையாக வந்து இறங்குகிறது. வேலை மிச்சம்தான். ஆனால் முழுக் கிழங்கை அண்டாத கோளாறுகள் எல்லாம் சீவிய கிழங்கைத் தேடி வரும்.

வெட்டிய காய் சப்ளை செய்கிறவன் என்பதால் எனக்கு வருகிற போன்களில் நிறைய பேர் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணே, இதுக்கு என்ன பவுடர் போடணும்?" பவுடர் கடைசிப் பேச்சு. கிழங்கு எங்கிருந்து வந்தது, கோல்ட் ஸ்டோரேஜில் எத்தனை மாதம் கிடந்தது, கத்தி பட்டு எத்தனை மணி நேரம் ஆயிற்று? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தாலே பெரும்பாலான கோளாறுகளுக்குக் காரணம் கிடைத்துவிடும். கீழே உங்கள் கிழங்கில் தெரியும் அறிகுறியைத் தேடிப் பாருங்கள்.

சீவின கொஞ்ச நேரத்தில் சிவக்கிறது, பிறகு பழுப்பாகிறது

இளஞ்சிவப்பில் தொடங்கிப் பழுப்பாகி, அப்படியே விட்டால் கறுப்புவரை போகும். கிழங்கின் செல்லுக்குள் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி ஓரிடத்திலும், டைரோசின், குளோரோஜெனிக் அமிலம் போன்ற பொருள்கள் வேறிடத்திலும் இருக்கின்றன. கத்தி பட்டதும் தடுப்பு உடைந்து இரண்டும் கலக்கின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்ததும் நிறம் ஏறத் தொடங்குகிறது. கிழங்கு கெட்டுவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை, தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் எந்த மாஸ்டரும் அதை வாங்க மாட்டார்.

முதலில் கத்தியைப் பாருங்கள். மழுங்கின கத்தி செல்லை வெட்டாது, நசுக்கும். ஒரே மூட்டைக் கிழங்கில் பாதியைச் சாணை பிடித்த கத்தியாலும் மீதியை வழக்கமான கத்தியாலும் நறுக்கி, ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். நசுங்கின பக்கம் முந்திக்கொண்டு சிவந்திருக்கும். சொரசொரப்பான டிரம் சுழலும் பீலிங் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம். அது தோலைச் சீவுவதில்லை, உரசி எடுக்கிறது. மேல்பரப்பு முழுக்கச் செல்கள் உடைந்து கிடக்கும். மெஷினில் பாதித் தோல் போனதும் நிறுத்தி, மீதியைக் கையால் சீவினால் கிழங்கு நெடுநேரம் வெள்ளையாக நிற்கும். வீணாவதும் குறையும்.

அடுத்தது கழுவுவது. நறுக்கியதைத் தட்டில் குவித்து வைக்காமல், கத்தியிலிருந்து நேரே குளிர்ந்த தண்ணீரில் விழ வேண்டும். பால்போல் கலங்கும் அந்தத் தண்ணீரில் மாவும், உடைந்த செல்களின் சாறும் இருக்கின்றன. நொதியும் அந்தச் சாற்றில்தான் இருக்கிறது. தெளிந்த தண்ணீர் வரும்வரை மாற்றி மாற்றி அலசுங்கள். வீட்டுக்கு இதுவே போதும்: அலசிய துண்டுகள் மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி, மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் காலைச் சமையலுக்குப் பளிச்சென்று இருக்கும். ஒரு நாளைத் தாண்டி வைக்காதீர்கள்.

தண்ணீர் இல்லாமல் பையில் போட்டு அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் அப்போது பவுடர் பேச்சுக்கு வரலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், 5 கிராம் உணவுத் தர வைட்டமின் சி பவுடர். இரண்டும் கரைந்த தண்ணீரில் மூன்று நிமிடம் முக்கி, வடித்து, ஈரம் போக உலர்த்திப் பையில் போடுங்கள். சிட்ரிக் ஆசிட் புளிப்பை ஏற்றி நொதியை மந்தமாக்குகிறது. வைட்டமின் சி செய்வது வேறு வேலை: நிறமாகப் போகும் பொருளைத் திரும்பவும் பழைய நிலைக்குத் தள்ளிவிடுகிறது. அப்படித் தள்ளத் தள்ள அது செலவாகிக்கொண்டே இருக்கும். தீர்ந்துவிட்டால் தடுக்க ஆளில்லை. "நேத்து வரைக்கும் வெள்ளையா இருந்துச்சுண்ணே, இன்னிக்குக் காலையில பார்த்தா மொத்தமும் மாறிடுச்சு" என்று சொல்கிறவர்களின் கிழங்கில் நடந்திருப்பது இதுதான்.

பையைத் திறந்ததும் தீக்குச்சி உரசின வாடை, கிழங்கோ ஒரு வாரமாக வெள்ளை வெளேர்

அது சல்ஃபைட். சோடியம் மெட்டாபைசல்ஃபைட் போன்ற பவுடரைக் கரைத்து முக்கியிருக்கிறார்கள். விலை மலிவு, வேலை சுத்தம். அதனால்தான் அதை விட மனசு வருவதில்லை. ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு இது மூச்சுத் திணறலைக் கொண்டுவரும். இந்தக் காரணத்தால் அமெரிக்காவில் பச்சையாகச் சாப்பிடும் காய், பழங்களில் சல்ஃபைட் போடுவதை 1986இல் தடை செய்தார்கள். உருளைக்கிழங்குக்கும் அதை நீட்டிக்க 1990இல் எடுத்த முயற்சி நடைமுறைக் காரணத்தால் நீதிமன்றத்தில் நிற்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சல்ஃபைட் வைட்டமின் சியைக் காப்பாற்றும், ஆனால் பி1 வைட்டமினை அழித்துவிடும். "சத்து போகாம இருக்கும்" என்று சொல்லி விற்கிறவர் பாதி உண்மைதான் சொல்கிறார். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது, உப்பின பையைப் பற்றிச் சொல்லும்போது வருகிறேன்.

பச்சையாக வெள்ளை, வெந்ததும் வெள்ளை, ஆறினதும் சாம்பல் கறுப்பு

போண்டா மசாலுக்கு வேகவைத்து ஆறவைத்த கிழங்கில் இது அடிக்கடி வரும். முதல் அறிகுறியோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். இங்கே நொதி வேகும்போதே செத்துவிட்டது. கிழங்கில் இயல்பாக உள்ள இரும்பும் குளோரோஜெனிக் அமிலமும் சேர்ந்து உண்டான பொருள், ஆறும்போது காற்றுப்பட்டுக் கருநீலச் சாம்பலாகிறது. இதற்குச் சாப்பிடுவதில் ஆபத்து ஒன்றுமில்லை.

கொடியோடு ஒட்டியிருந்த முனையில் கறுப்பு அதிகமாக இருக்கிறதா என்று கிழங்கை நீளவாக்கில் வெட்டிப் பாருங்கள். அந்த முனையில் சிட்ரிக் அமிலம் குறைவு, குளோரோஜெனிக் அமிலம் அதிகம். சிட்ரிக் அமிலம் இருந்தால் அது இரும்பைத் தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்ளும், கறுப்பு வராது. பொட்டாஷ் போதாத மண்ணில் விளைந்த கிழங்கில் சிட்ரிக் அமிலம் குறைந்திருக்கும். ஆகவே சில மூட்டை மட்டும் கறுக்கும், சில மூட்டை கறுக்காது. அடுப்பையோ சமையல்காரரையோ குறை சொல்லிப் பயனில்லை.

கிழங்கு முக்கால் பதம் வெந்த பிறகு தண்ணீரில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விடுங்கள். முதலிலேயே விடக் கூடாது; ஏன் என்று வேகாத கிழங்கைப் பற்றிய பகுதியில் இருக்கிறது. இரும்புச் சட்டியில் ஆறவிட வேண்டாம். ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் ஆலைகளில் இதற்கென்றே சோடியம் ஆசிட் பைரோபாஸ்பேட் கரைசலில் முக்குகிறார்கள். அதுவும் இரும்பைப் பிடித்து வைக்கிற வேலைதான்.

எண்ணெயில் போட்டதும் கறுக்கிறது, உள்ளே வேகவில்லை, லேசாக இனிக்கிறது

இனிப்பு என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே தெரிந்துவிடும்: கோல்ட் ஸ்டோரேஜ் கிழங்கு. உத்தரப் பிரதேசத்தில் பிப்ரவரி, மார்ச் மாதம் தோண்டுகிற கிழங்கு குளிர்கிடங்குக்குள் போய், அக்டோபர், நவம்பர் வரை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. அங்கே 2 முதல் 4 டிகிரி. அந்தக் குளிரில் முளைக்காது, அழுகாது. ஆனால் கிழங்குக்கு உயிர் இருக்கிறதே, குளிர் தாங்க முடியாமல் மாவைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. குளுக்கோஸும் பிரக்டோஸும் ஏறுகின்றன. எண்ணெயில் போட்டதும் அந்தச் சர்க்கரை கிழங்கிலுள்ள அமினோ அமிலங்களோடு சேர்ந்து கறுப்பையும் கசப்பையும் கொண்டுவருகிறது. வெளியே கருகும்போது உள்ளே இன்னும் வெந்திருக்காது. உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் முழுக் கிழங்கை வாரக்கணக்கில் வைத்தாலும் இதே கதைதான்.

அமினோ அமிலங்களில் ஆஸ்பராஜின் என்று ஒன்று உருளையில் நிறைய இருக்கிறது. அதுவும் சர்க்கரையும் 120 டிகிரிக்கு மேல் சேரும்போது அக்ரிலமைட் உண்டாகிறது. உணவில் இது இப்படி உருவாகிறது என்பதை 2002இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள்தான் வெளியே சொன்னார்கள். புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்ற சந்தேகப் பட்டியலில் இருப்பதால் ஐரோப்பிய ஒன்றியம் இதற்கென 2017இல் தனி விதிமுறையே போட்டது. அதில் சொல்லும் எளிய வழிகளில் ஒன்று, பொரிக்கும் எண்ணெய் 175 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது. கறுத்த வறுவலைத் தூக்கிப் போடச் சொல்வதற்கு ருசி மட்டுமே காரணமில்லை.

சோதனை சுலபம். மூட்டை வந்ததும் நாலைந்து கிழங்கில் நடுவிலிருந்து ஆளுக்கொரு சில்லு மெல்லிசாகச் சீவி, ஈரம் துடைத்துப் பொரித்துப் பாருங்கள். நுரை அடங்கும்போது தங்க நிறமாக இருந்தால் வறுவலுக்கு ஆகும். அதற்குள் பழுப்பேறிவிட்டால் அந்த மூட்டை சாம்பாருக்கும் மசாலுக்கும்தான்.

அந்த மூட்டையை வறுவலுக்குத் தேற்ற முடியுமா? ஓரளவு முடியும். கிழங்கைச் சீவாமல், இருட்டான, காற்றோட்டமுள்ள இடத்தில் பரப்பி இரண்டு மூன்று வாரம் வைத்தால் சர்க்கரை குறையும். இதற்கு 15 முதல் 20 டிகிரி நல்லது. நம்மூர் வெயிலில் அதற்குள் முளைவிடும், சில அழுகும், தினமும் பொறுக்க வேண்டியிருக்கும். பல மாதம் கிடந்து கிழடான கிழங்கில் வயசால் ஏறிய சர்க்கரை இறங்காது. ஏற்கெனவே நறுக்கியாகிவிட்டது என்றால், துண்டுகளை 70 டிகிரி போல் சுடுகிற தண்ணீரில் சில நிமிடம் போட்டு எடுங்கள். மேல்பரப்பிலுள்ள சர்க்கரை இறங்கிவிடும். நன்றாகத் துடைத்துப் பிறகு பொரியுங்கள்.

இதே காரணத்தால் சிப்ஸ் ஆலைகள் கிழங்கை 10 முதல் 12 டிகிரியில் சேமிக்கின்றன, முளைவிடாமல் இருக்கத் தனி மருந்தும் கொடுக்கின்றன. ரகமும் வேறு. 1968இல் வந்த குஃப்ரி ஜோதி குழம்புக்கு நல்ல ரகம். சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1998இல் குஃப்ரி சிப்சோனா ரகங்களைச் சிப்ஸுக்கென்றே வெளியிட்டது. அவற்றில் சர்க்கரை குறைவு, மாவு அதிகம். மேட்டுப்பாளையம் மண்டி வழியாக வரும் ஊட்டிக் கிழங்கு பெரும்பாலும் தோண்டிச் சில நாளில் கைக்கு வந்துவிடுவதால் குளிர்ச் சர்க்கரைத் தொல்லை அதில் அபூர்வம். விலை கூடுதல்தான், பொரிப்பதற்குக் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

எவ்வளவு கொதித்தாலும் வேகவில்லை

மூன்று காரணம் இருக்கலாம். ஒன்று புளி. புளித்தண்ணீரில் கிழங்கைப் போட்டால் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் கரையாது, கிழங்கு கல்லாகவே நிற்கும். வேகவைத்துவிட்டுப் புளி ஊற்றுவது நம் வீடுகளில் தெரிந்த பழக்கம்தான். சீவிய கிழங்கில் அந்தப் புளிப்பு சிட்ரிக் ஆசிட் வடிவில் முன்பே ஏறியிருக்கும் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். அதிகமாக முக்கினால் துண்டின் மேல்பரப்பு தோல்போல் விறைத்துவிடும். சமைக்கும் முன் நல்ல தண்ணீரில் அலசினால் ஓரளவு சரியாகும்.

இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாது. கொதி வரும் முன்பே கேஸ் தீர்ந்துவிட்டது, சிலிண்டர் மாற்ற அரை மணி ஆனது, கிழங்கு அதுவரை வெதுவெதுப்பான தண்ணீரிலேயே கிடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எவ்வளவு கொதித்தாலும் அது சரியாக மசியாது. 55 முதல் 70 டிகிரிக்குள் கிழங்கிலுள்ள வேறொரு நொதி விழித்துக்கொண்டு பெக்டினை மாற்றிவிடுகிறது. தண்ணீரிலும் கிழங்கிலும் உள்ள கால்சியம் அதோடு சேர்ந்து செல்களை இறுக்கிக் கட்டிவிடும். போர்வெல் உப்புத் தண்ணீரில் இது இன்னும் கெட்டியாக நடக்கும். மூன்றாவது காரணம் அந்தத் தண்ணீரின் கடினத்தன்மைதான்.

இதையே வேண்டுமென்று செய்தால் லாபம். சாம்பாரில் துண்டு கரையாமல் நிற்க வேண்டுமா, 65 டிகிரி போல் சூடான தண்ணீரில் இருபது நிமிடம் வைத்து, ஆறவைத்து, பிறகு வேகவையுங்கள். அண்டா நிறையச் சாம்பார் வைத்து மூன்று மணி நேரம் பரிமாறுகிறவர்களுக்கு இது கைகொடுக்கும்.

கொதி வந்ததும் கரைந்து மாவாகிறது, அல்லது மசித்தால் பசையாக இழுக்கிறது

ரகத்தையும் வேலையையும் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 120 கிராம் உப்பைக் கரைத்து முழுக் கிழங்கைப் போடுங்கள். மூழ்கினால் மாவு அதிகம்: வறுவல், போண்டா, சிப்ஸ். மிதந்தால் நீர் அதிகம்: குழம்பு, குருமா, பொரியல். பசைபோல் இழுப்பதற்கு மிக்ஸியும் காரணமாக இருக்கலாம். கையால் மசித்தால் போதும்.

பச்சை நிறம், அல்லது நிறம் நன்றாக இருந்தும் கசப்பு

பச்சை என்பது வெளிச்சம் பட்டு உண்டான பச்சையம், அது தானாக ஒன்றும் செய்யாது. ஆனால் அதே வெளிச்சத்தில் சோலனைன், சாக்கோனைன் என்ற நச்சுகளும் ஏறியிருக்கும். கிலோவுக்கு 200 மி.கி. என்பதுதான் பொதுவாகச் சொல்லும் மேல்வரம்பு. தோல், முளை, கண், பச்சை ஆகிய இடங்களில் இவை குவிந்திருக்கும். வேகவைத்தாலும் பொரித்தாலும் பெரிதாக அழியாது.

லேசான பச்சை என்றால் சுற்றிலும் ஆழமாக வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம். கசந்தால் பேச்சே வேண்டாம், மொத்தமும் குப்பைக்கு. சீவிய துண்டைக் கண்ணாடிப் பாத்திரத்தில், டியூப்லைட் எரியும் கவுண்டரில் வைத்து விற்கிறார்கள். காயமும் வெளிச்சமும் சேர்ந்தால் சீவிய கிழங்கிலும் இந்த நச்சு ஏறும். கருநிறப் பை நல்லது.

பை உப்பியிருக்கிறது, வழவழக்கிறது, புளித்த வாடை

யோசிக்காமல் எறியுங்கள். கழுவிப் பார்ப்பது, வேகவைத்துப் பார்ப்பது எதுவும் வேண்டாம். வழவழப்பும் வாடையும் பாக்டீரியாவின் வேலை. உங்கள் ஃப்ரிட்ஜ் 4 டிகிரிக்கு மேல் ஏறியிருக்கும், அல்லது துண்டு ஈரத்தோடு பைக்குள் போயிருக்கும்.

எனக்கு இதைவிடப் பயம் தருவது உப்பாத, வாடை வராத பைதான். கிழங்கு மண்ணில் விளைகிறது, மண்ணில் பொட்டுலிசம் கிருமியின் வித்துகள் உண்டு. வேக்குவம் பேக்கில் ஆக்சிஜன் கிடையாது, கிழங்கில் புளிப்பும் கிடையாது; அந்தக் கிருமிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சாதாரண வெப்பத்தில் பையை விட்டுவிட்டால் அது வளர்ந்து நரம்பைத் தாக்கும் நச்சை உண்டாக்கும். 1994இல் டெக்சாஸ் மாநிலம் எல் பாசோவில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 30 பேர் இப்படிப் பாதிக்கப்பட்டார்கள். அலுமினியத் தாளில் சுற்றிச் சுட்ட கிழங்கை வெளியிலேயே வைத்திருந்து, பிறகு அதில் தொட்டுக்கொள்ளும் கலவை செய்திருக்கிறார்கள். தாளுக்குள்ளும் காற்றில்லை. சூடு வித்துகளைக் கொல்லவில்லை.

சல்ஃபைட்டின் பெரிய சிக்கல் என்று முன்பு சொன்னது இதுதான். சல்ஃபைட் போட்டு வேக்குவம் செய்த கிழங்கில், பார்வைக்கு நன்றாக இருக்கும்போதே நச்சு உண்டாகிவிடலாம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பழுப்பு நிறம் நமக்குக் கொடுக்கும் எச்சரிக்கையை அது அழித்துவிடுகிறது. ஆகவே வேக்குவம் பை என்றால்: எப்போதும் 4 டிகிரிக்குக் கீழே, பேக் செய்த தேதி மேலே எழுதி, சில நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். டெலிவரி வண்டி வெயிலில் அரை நாள் நின்றது என்றால் திருப்பி அனுப்புங்கள்.

வெளியே நன்றாக இருக்கிறது, வெட்டினால் நடுவில் கறுப்பு அல்லது பொந்து

பொந்து, வேகமாக வளர்ந்ததன் அடையாளம். ஓரத்தை வெட்டிவிட்டுப் பயன்படுத்தலாம். நடுவில் கறுப்பு என்றால் காற்றோட்டமில்லாத சூட்டில் கிழங்கு மூச்சுத் திணறியிருக்கிறது, பெரும்பாலும் தார்ப்பாய் மூடின லாரியில். தோலுக்கு அடியில் அங்கங்கே நீலக்கறுப்புத் திட்டு இருந்தால் இறக்கும்போது மூட்டையைத் தூக்கி எறிந்திருக்கிறார்கள். மூன்றுக்கும் சமையலறையில் மருந்தில்லை, மண்டியில்தான் பேச வேண்டும்.

நிறமெல்லாம் சரி, சத்து போய்விட்டதா?

பச்சைக் கிழங்கில் 100 கிராமுக்குச் சுமார் 20 மி.கி. வைட்டமின் சியும் 400 மி.கி.க்கு மேல் பொட்டாசியமும் இருக்கும். சத்தெல்லாம் தோலில் என்று சொல்வது மிகை. தோல் எடையில் மிகக் குறைவு; இந்த இரண்டும் பெரும்பங்கு சதையில்தான் இருக்கின்றன. மெல்லிசாகச் சீவினால் இழப்பு சொற்பம், அரை அங்குலம் செதுக்கினால் அதிகம்.

சீவுவதற்கு முன்பே பெரிய இழப்பு நடந்து முடிந்திருக்கும். சில மாதம் சேமித்த கிழங்கில் வைட்டமின் சி பாதியாகக் குறைந்துவிடும். செப்டம்பரில் வாங்குகிற கோல்ட் ஸ்டோரேஜ் கிழங்கை எவ்வளவு பொத்திப் பொத்தி நறுக்கினாலும் மார்ச் மாதச் சத்து வராது. இதற்கு நேர்மாறாக, நறுக்கிக் குளிரில் வைத்த துண்டில் காயம் ஆறும் முயற்சியில் முதல் ஓரிரு நாள் வைட்டமின் சி கொஞ்சம் ஏறுவதும் உண்டு. முந்தின நாள் வெட்டியதால் மட்டுமே சத்து போய்விடாது. வேகவைத்த தண்ணீரைக் கொட்டும்போதுதான் போகிறது.

பொட்டாசியத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், சிறுநீரக நோயாளிகள் உள்ள வீடுகளில் இதைக் கேட்கிறார்கள். "ராத்திரி முழுக்க ஊறவைச்சா பொட்டாசியம் போயிடும்" என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அமெரிக்காவில் 2008இல் வெளியான ஓர் ஆய்வில், ஊறவைத்ததால் மட்டும் சொல்லும்படியாக எதுவும் குறையவில்லை. சிறு துண்டாக்கிக் கொதிக்கவைத்ததில் சுமார் பாதி போனது, துருவிக் கொதிக்கவைத்ததில் சுமார் முக்கால் பங்கு போனது. அப்படி வேகவைத்தாலும் எவ்வளவு சாப்பிடலாம் என்பதை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்கள் அந்தத் தண்ணீரை ரசத்திலோ சாம்பாரிலோ சேர்த்துக்கொள்ளலாம். பெரிய துண்டாக, ஆவியில் வேகவைத்தால் கொட்டுவதற்குத் தண்ணீரே மிஞ்சாது.

ஃப்ரீசரில் வைத்தது உருகினதும் கறுத்து, தண்ணீர் விட்டுத் தொளதொளக்கிறது

பச்சைத் துண்டை அப்படியே ஃப்ரீசரில் வைத்தால் பனித்துகள் செல்களைக் கிழித்துவிடும். நொதி குளிரில் சாகாது; உருகும்போது கிழிந்த செல்லில் முழு வேகத்தில் வேலை செய்யும். கொதிக்கிற தண்ணீரில் மூன்று நான்கு நிமிடம் போட்டு, உடனே ஐஸ் தண்ணீரில் ஆற்றி, துடைத்து, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உறையவிடுங்கள். கல்லானதும் பையில் அள்ளிக்கொள்ளலாம். சமைக்கும்போது உருகவிடாமல் ஃப்ரீசரிலிருந்து நேரே எண்ணெயில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் எண்ணெயின் சூடு இறங்கி, வறுவல் எண்ணெயைக் குடித்துவிடும்.